பின்னால மலை இருந்துச்சு!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. 1986-ம் வருஷம் மே மாதம், கல்யாணமான பதினோராம் நாள், ஊட்டி தொட்டபெட்டாவில் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக நின்று எடுத்துக்கொண்டது. அப்பா கழுத்தில் மஃப்ளர், உடம்பில் இரவல் ஸ்வெட்டர். அம்மா தலையில் கனகாம்பரம், முகத்தில் குளிரும் வெட்கமும் சரிபாதி. இரண்டு பேருக்கும் பின்னால்... ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி சுத்த வெள்ளை!

வீட்டுக்கு வருகிறவர்கள், "எந்த ஸ்டுடியோங்க?" என்று கேட்டுவிடுவார்கள். அப்பாவுக்குச் சுருக்கென்று வரும். "ஸ்டுடியோவா? தொட்டபெட்டாங்க! 2,637 மீட்டர்! நீலகிரியிலேயே ஒசந்த எடம்!" என்பார். உடனே அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பின்னால மலை இருந்துச்சுங்க. மூடுபனி மறைச்சுப்போடுச்சு" என்று சாட்சி சொல்லுவாள்.

எடுத்தவர் அங்கேயே கழுத்தில் கேமராவோடு திரிந்த ஓர் ஆசாமி. பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு, முகவரி எழுதிக்கொண்டு, மூன்று வாரம் கழித்துத் தபாலில் அனுப்பி வைத்தாராம். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு ஆயுசு பூராவும் அந்த ஒரு கணக்கு மட்டும் டேலி ஆகவில்லை. "பதினஞ்சு ரூவா குடுத்து வெள்ளைப் பேப்பர் வாங்கியாந்தேன்" என்று, 2017-ல் காலமாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

'அந்த மலையை நான் எடுத்து மாட்டுகிறேன்' என்று கிளம்பினேன். அடியேன் பி.காம். நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்து, மிச்ச நேரத்தில் உங்களுக்கும் எழுதுகிறவன். ஒரு மலையைப் போட்டோ பிடிக்க எத்தனை நாள் ஆகிவிடும்? ஒரே ஒரு நாள் என்று பட்ஜெட் போட்டேன். ஐந்து வருஷம் ஆயிற்று.

தலைக்கு மேலே சூரியன்

2019 மே. ஏலச்சீட்டில் எடுத்த பணத்தில் செகண்ட் ஹேண்டாக ஒரு கேமரா வாங்கி, ஈரோட்டில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்துக்கு மேலே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி போய்ச் சேர்ந்தேன். தொட்டபெட்டாவில் நிற்கும்போது உச்சிப் பொழுது. பளீர் வெயில். கீழே கேத்திப் பள்ளத்தாக்கு, அதைத் தாண்டிக் குன்னூர்ப் பக்கத்து மலைகள் எல்லாம் கண்ணுக்கு ஜோராகத் தெரிந்தன. 'அப்பா, உங்க பதினஞ்சு ரூவா வசூல்!' என்று மனசுக்குள் கூவிக்கொண்டே நூற்றுப்பத்து படம் எடுத்துத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வெளுத்துப்போன பச்சை லுங்கியைக் கொடியில் காயப்போட்ட மாதிரி ஒரு மலை! அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "எந்த ஊர்க் கரடு கண்ணு இது? சென்னிமலையா?" என்றாள்.

விசாரித்ததில், குற்றவாளி கேமரா இல்லை, கடிகாரம் என்று தெரிந்தது. ஊட்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பதினொன்றரை டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் அங்கே நேராக உச்சந்தலைக்கு வந்துவிடும். மே மாதமும் கிட்டத்தட்ட அதே கதைதான். நிழல் பயந்துபோய்க் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாவிட்டால் மலைக்கு மடிப்பு இல்லை, பள்ளம் இல்லை, எல்லாம் ஒரே சப்பை. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழவேண்டும். அதற்குக் காலையில் போகவேண்டும், இல்லை சாயங்காலம் வரை காத்திருக்கவேண்டும்.

அந்த நேரத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சாய்ந்த வெயில் காற்று மண்டலத்தில் ரொம்ப தூரம் நடந்து வருகிறது. வழியிலேயே அதிலுள்ள நீலத்தைக் காற்று சிதறடித்துவிட, நம் கைக்கு வந்து சேருவது மஞ்சளும் சிவப்பும். சிதறிய நீலம்தான் வானத்துக்கு. தூரத்து மலை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்றைத்தான் நீலமாகப் பார்க்கிறோம். குறிஞ்சி பூப்பதால் நீலகிரி என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான். 2018-ல் பூத்தது, அடுத்து 2030. காற்று தினமும் பூக்கிறது.

மூணு நாள் வெள்ளை

2020, 2021 இரண்டையும் கொரோனா எடுத்துக்கொண்டது. 2022-ல் ஜூலை 31 வரைக்கும் எனக்கு மலை என்றால் வருமானவரி ஃபைல் மலைதான். அது இறங்கியதும் ஆகஸ்டில் மறுபடி கிளம்பினேன்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நீலகிரியின் மேற்குப் பக்கம் போகிறவருக்குத் துணிச்சல் அதிகம். அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர் பக்கமெல்லாம் வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னையில் ஒரு வருஷம் பூராப் பெய்வதில் பாதிக்கு மேல்! தொட்டபெட்டா சுவர் மாதிரி குறுக்கே நிற்பதால், கிழக்கே இருக்கிற கோத்தகிரிக்கு அந்த மழை அவ்வளவாக எட்டாது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை எதிர்த் திசையிலிருந்து வந்து குன்னூர், கோத்தகிரியை நனைக்கும். ஒரே மாவட்டம், இரண்டு காலண்டர். இதெல்லாம் போய் வந்த பிறகு தெரிந்துகொண்டது.

போனபோது மூன்று நாளும் வெள்ளை. காலையில் வெள்ளை, மத்தியானம் வெள்ளை, சாயங்காலம் கொஞ்சம் அழுக்கு வெள்ளை. ரோட்டோர டீக்கடைப் பெரியவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா நிக்கறீங்க சார்?"

"மூணு நாளாங்க."

"மலை எங்கயும் போயிராது சார். உங்க லீவுதான் போயிரும்."

மூன்றாம் நாள் நாலு மணிக்குத் திரை விலகியது. பத்தே செகண்ட். டீத்தோட்டத்தின் மேல் ஒரு கீற்று வெயில் ஓடி, எதிர் மலையில் ஏறி, மறைந்தது. அப்போது அடியேன் கையில் இருந்தது மிளகாய் பஜ்ஜி!

ஆனாலும் அந்தப் பயணத்தில் ஒரு லாபம். நான் எடுத்த மூடுபனிப் படமெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பலாக இருந்தன. காரணம், கேமராவுக்குள் ஒரு ஆடிட்டர் உட்கார்ந்திருக்கிறார். எதைக் காட்டினாலும் அதைச் சராசரிச் சாம்பலுக்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போடுவார். வெள்ளை அதிகமாக இருந்தால் 'இது கூடுதல்' என்று வெட்டிவிடுவார். பனியை வெள்ளையாகக் காட்ட வேண்டுமானால் நாமே ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைக் கூட்டி வைக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து ஹால் போட்டோவைப் பார்த்தேன். பனி வெள்ளை வெளேர். அப்பா முகமும் அம்மா முகமும் துலக்கம். மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. திரையே இல்லாத ஃபிலிம் கேமராவில், எடுத்ததை உடனே பார்க்க வழியில்லாமல், அந்த ஆசாமி முகத்துக்குக் கணக்காக அளந்திருக்கிறார். மலை வராததற்கு அவர் என்ன செய்வார்? முப்பத்தாறு வருஷமாகத் தொழில் தெரிந்த ஒருத்தரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்!

பாக்கெட்டில் பேட்டரி

மூன்றாவது பயணம், 2024 ஜனவரி. இந்தத் தடவை உறைபனி. மேகமில்லாத ராத்திரியில் தரையின் சூடு போர்வை இல்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமாகித் தாழ்வான புல்வெளியில் தேங்கும். அதனால் உச்சியைவிடப் பள்ளத்தில்தான் உறைபனி அதிகம். விடிவதற்கு முன் தலைக்குந்தா புல்வெளியில் நின்றேன். புல் ஒவ்வொன்றிலும் உப்புத் தூள். ஆகா என்று கேமராவைத் தூக்கினால், பேட்டரி செத்துக்கிடந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் மடங்கும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்கவேண்டுமாம். என் மாற்று பேட்டரி ஈரோட்டில் சார்ஜரில் பத்திரமாக இருந்தது.

செத்த பேட்டரியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிப் போட்டேன். கொஞ்சம் உயிர் வந்தது. எத்தனை படத்துக்குத் தாங்கும் என்று தெரியாது. அப்போது ஆன்சல் ஆடம்ஸ் ஞாபகம் வந்தது. 1927 ஏப்ரல் 10-ம் தேதி, அமெரிக்காவின் யோசெமிட்டியில், இருபத்தைந்து வயசு ஆடம்ஸ் 'ஹாஃப் டோம்' பாறையைப் படமெடுக்கப் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு பனியில் ஏறினார். பாறைமேல் வெளிச்சம் வந்தபோது மிச்சம் இருந்தது இரண்டே தகடு. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்று எடுத்தார். எடுத்த கையோடு, நம் மனசில் பட்டது இதில் வராது என்று தோன்றிவிட்டது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர். சிவப்பு கண்ணாடி நீலத்தை உள்ளே விடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் கன்னங்கரேலென்று ஆக, பாறை எழுந்து நின்றது. அவர் பேர் சொல்லும் படம் அது.

நூற்றுப்பத்து படம் எடுத்த நான், அன்றைக்கு யோசித்து யோசித்து நாலு எடுத்தேன். வெயில் பட்டதும் உப்பெல்லாம் தண்ணீராகிவிட்டது. நாலில் ஒன்று தேறியது. மலையைத்தான் காணோம், அது புல் படம்.

ஆபீஸ் நண்பர்களுக்குச் சிக்கன யோசனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் உள்ளவர்களுக்கு:

• பார்க்கவேண்டிய மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிழக்கே உள்ள மலைக்குச் சாயங்காலம், மேற்கே உள்ளதற்குக் காலை.

• புழுதியைக் கழுவிவிட்டு மழை ஓய்ந்த மறுநாளை விடாதீர்கள். கோடையில் கிடைக்காத தூரமெல்லாம் அன்று தெரியும்.

• செல்போனில் எடுப்பவர்கள், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வானம் வெளுத்துப்போனால் அப்புறம் எந்த வைத்தியமும் பலிக்காது.

• குளிரில் நின்ற கேமராவோடு டீக்கடை ஆவிக்குள் நுழையாதீர்கள். லென்ஸ் வியர்த்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போங்கள்.

• பஜ்ஜியை இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் கொஞ்சம் இடம்

2024 நவம்பர். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். "ஊட்டிக்குப் போலாமா கண்ணு?" என்று அவளே கேட்டாள். இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. வேலையை முடித்துவிட்டு, அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. நாங்கள் தொட்டபெட்டா ஏறும்போது மணி மூன்றரை.

என்ன சொல்ல! துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நவம்பர் சூரியன் தெற்கே சாய்ந்து, வலது பக்கத்திலிருந்து அடிக்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பாத்தியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிழல். அதற்குப் பின்னால் ஒரு பச்சை மலை, அதற்குப் பின்னால் ஒரு நீல மலை, அதற்குப் பின்னால் இன்னும் வெளிறிய நீலம். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "இத்தன நீலமா இருக்குது?" கண்புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி நீலத்தை மறைக்கும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் நீலகிரியை நீலமாகப் பார்க்கிறாள்.

"நில்லும்மா, நில்லு! இங்கதான்! பின்னால மலை!" என்று ஸ்டாண்டை விரித்தேன். கை நடுங்கியது. எடுத்தேன். நிஜமாகவே நல்ல படம். திரையில் காட்டினேன்.

அம்மா பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள், உப்புக் குறைவான ரசத்துக்குச் சொல்கிற குரலில்.

"என்னம்மா?"

"அன்னிக்கு இப்புடி இல்ல கண்ணு. சுத்திலும் ஒண்ணும் தெரியல. எனக்கு ஒரே பயம். உங்கப்பாரு கையைப் புடிச்சுக்கிட்டாரு. கல்யாணத்துக்கப்புறம் நாலு பேரு நடமாடற எடத்துல அவரு கையப் புடிச்சது அன்னிக்குத்தான். பனி மறைச்சதால புடிச்சாரு." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மலை தெரிஞ்சிருந்தா மலையைத்தான் பாத்திருப்பாரு" என்றாள்.

ஐந்து வருஷமாகப் பனி விலகாதா என்று தவம் கிடந்தவன், அன்றைக்குப் பனி வராதா என்று உட்கார்ந்தேன். டீ குடித்தோம். வேர்க்கடலை தின்றோம். நாலேமுக்காலுக்குப் பள்ளத்திலிருந்து வெள்ளை புகைந்து ஏறியது. கேரட் பாத்தி போயிற்று, பச்சை மலை போயிற்று, நீலமும் போயிற்று. அம்மா எழுந்து போய் அதே இடத்தில் நின்றாள்.

"வலது பக்கம் கொஞ்சம் எடம் உட்டு எடு கண்ணு."

ஆடிட்டரை ஓரங்கட்டிவிட்டு, ஒரு ஸ்டாப் கூட்டி, அம்மா முகத்துக்கு அளந்து எடுத்தேன். ஒன்றே ஒன்று.

இறங்கி வரும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதினைந்து ரூபாயை எண்ணி என் கையில் வைத்தாள்.

"எதுக்கும்மா?"

"கூலி. தபால்ல அனுப்பிச்சுரு. அட்ரஸு அதேதான்."