ஒரே கோப்பில் எட்டுப் பக்கம்

தாத்தாவின் 16ஆம் நாள் காரியத்துக்குச் சிறிய நினைவுப் புத்தகம் போடலாம் என்றார் அப்பா. “நான் செய்கிறேன்” என்று முந்திக்கொண்டேன். பிழைப்பு வானொலியில் என்றாலும், ஊடகப் படிப்பில் வடிவமைப்பும் கொஞ்சம் படித்திருக்கிறேன். எட்டுப் பக்கம்தானே!

ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாகச் செய்தேன். திருத்தம் வரவர ‘பக்கம் 6 புதியது’, ‘பக்கம் 6 கடைசி’, ‘பக்கம் 6 உண்மையிலேயே கடைசி’ என்று கோப்புகள் பெருகின. நள்ளிரவில் எட்டையும் இணைத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். 150 பிரதிகள் வந்து இறங்கின. ஆறாம் பக்கத்தில், பிள்ளைகள் பெயர் வரிசையில் சின்ன அத்தையைக் காணோம். பழைய கோப்பு போயிருக்கிறது! அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தப்பு மென்பொருளுடையது அல்ல, என்னுடையது. எல்லாப் பக்கங்களையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

கோரல்டிராவில் பல பக்க வசதி நெடுநாளாக உண்டு. அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் 2008இல் வந்த சிஎஸ்4 பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் பல ‘ஆர்ட்போர்டு’ வைக்கலாம். நான் பயன்படுத்தும் இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள். 2022இல் வந்த அதன் 1.2 பதிப்பில்தான் இந்த வசதி சேர்ந்தது. உங்களிடம் பழைய பதிப்பு இருந்தால் முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வேலை எளிதுதான். முதல் பக்கத்தை ஏ5 அளவில், அதாவது 148க்கு 210 மில்லிமீட்டரில் அமையுங்கள். பிறகு ‘பேஜ்’ கருவியைத் தேர்ந்தெடுத்து மற்றப் பக்கங்களைச் சேர்க்கலாம். பக்கத்தை நகர்த்தும்போது அதிலுள்ள படமும் எழுத்தும் கூடவே நகர்வதற்கும் ஒரு பொத்தான் உண்டு. பக்கங்களுக்குப் பெயரிட்டு வைத்தால் குழப்பம் குறையும். பிடிஎப் ஆகச் சேமித்தால் எல்லாப் பக்கமும் ஒரே கோப்பாக வந்துவிடும்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஓரம்வரை வண்ணம் வந்தால், வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாதிருக்க நாலா பக்கமும் வழக்கமாக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். பிடிஎப் சேமிக்கும்போது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றும் தெரிவையும் சொடுக்குங்கள். இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகக்கூடும். திருத்துவதற்கு வசதியான மூலக் கோப்பு உங்களிடம் அப்படியே இருக்கும்.

அனுப்புமுன் அந்தப் பிடிஎப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வானொலிக்காரி சொல்கிறேன், கண் தாண்டிப் போவது காதில் தட்டுப்படும்.

தாத்தாவின் முதல் ஆண்டுத் திதிக்கு மறுபடியும் எட்டுப் பக்கம், இம்முறை ஒரே கோப்பு. அச்சுக்குப் போகுமுன் ஆறாம் பக்கத்தைச் சின்ன அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “தாத்தா என்னை ‘பாப்பா’ன்னுதான் கூப்பிடுவாங்க. அதையும் போடுறியாம்மா?” என்று கேட்டார்.

பெயருக்குப் பக்கத்தில் சேர்த்தேன். ஒரே இடத்தில்தான் திருத்த வேண்டியிருந்தது.