புகைக்குழாயின் தரம் அறிதல்

தமிழில் இதற்குச் ‘சுங்கான்’ என்று ஒரு பெயர் உண்டு. அகராதிகளிலும் இலங்கைத் தமிழர் பேச்சிலும் அச்சொல் இன்னும் வழங்குகிறது. ‘புகைக்குழாய்’ என்பது எழுத்து வழக்கு. நம் தங்கவயலிலோ இரண்டும் இல்லை. லைன் வீடுகளில் அது என்றைக்கும் ‘பைப்பு’தான். பீடியும் சுருட்டும் நம்மவர் கையில், பைப்பு துரைமார் கையில் என்பதே நம் ஊர்க் கணக்கு. ‘சுருட்டு’ என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் ‘செரூட்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய ‘பைப்’பை நாம் ‘பைப்பு’ ஆக்கிக்கொண்டோம். கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே கால் வைத்தது முதல், 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது வரை, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளரும் அதிகாரிகளும் பலர் இங்கு வாழ்ந்தனர். ஊருக்கே ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் விழுந்தது. அவர்கள் போனபின் பங்களாச் சாமான்கள் கைமாறின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமும் மூடப்பட்டது. இன்றும் சில வீடுகளின் டிரங்குப் பெட்டியில், பழைய கடிகாரத்தோடும் பீங்கான் தட்டோடும் ஒரு பைப்பு கிடக்கக்கூடும். அதை என்ன விலைக்குக் கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா என்று தெரியாமல் இருப்பவர் ஒரு புறம். பெங்களூர்க் கடையில் குறைந்த காசில் புதிதாக ஒன்று வாங்க நினைப்பவர் மறுபுறம். இருவருக்கும் தேவைப்படுவது ஒரே அறிவு: நல்ல பைப்பு எது, அல்லாதது எது?

இதற்கு விடை நம் தொழிலிலேயே இருக்கிறது. சுரங்கத்தில் பளபளக்கும் கல்லைப் பார்த்து யாரும் பொன் என்று எழுதிவிடுவதில்லை; பொடித்து, உருக்கி, அளந்துதான் சொல்வார்கள். பைப்பும் அப்படியே. அதன் தரம் மேற்பூச்சில் இல்லை. மரத்திலும், மரத்துக்குள் போட்ட துளையிலும் இருக்கிறது.

எந்த மரம், ஏன் அந்த மரம்?

பைப்பின் கிண்ணத்துக்குள் நெருப்பு இருக்கிறது; வெளியே மனிதனுடைய கை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மரம் எரியவும் கூடாது, கையைச் சுடவும் கூடாது, புகையின் ஈரத்தை ஓரளவு உறிஞ்சவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒருங்கே செய்யும் மரம் பிரையர். மத்தியதரைக் கடல் நாடுகளின் குன்றுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முடிச்சு அது. மண்ணோடு தோண்டி எடுத்து, துண்டுகளாக்கி, பல மணிநேரம் தண்ணீரில் வேகவைத்து அதன் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் சான் குளோத் என்ற மலையூரில் இத்தொழில் வேரூன்றியது. அதற்கு முன் ஐரோப்பாவின் எளிய மக்கள் பிடித்தது பெரும்பாலும் களிமண் பைப்புதான்.

இப்போது நம் கடைவீதிக்கு வருவோம். கைவினைப் பொருள் கடைகளில் ஈட்டி, சீஷம் மரங்களில் செய்து பித்தளைக் கம்பி பதித்த பைப்புகள் தொங்கும். “ரொம்ப ஜோரா இருக்குதே, விலையும் கம்மி” என்று கை நீளும். அவற்றில் பெரும்பாலானவை அலமாரியில் வைக்கவே செய்யப்பட்டவை. உள்ளே வரை வார்னிஷ் ஓடியிருக்கும், பித்தளை சூடேறும், துளை கோணலாக இருக்கும். வார்னிஷும் பசையும் வெந்து வரும் புகையை உள்ளிழுப்பது யாருக்கும் நல்லதல்ல. அழகுக்கு வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நெருப்பு வைக்க வாங்காதீர்கள்.

பிரையருக்குக் காசு போதாதவருக்கு நேர்மையான மாற்று ஒன்று உண்டு: மக்காச்சோளத் தக்கையில் செய்த பைப்பு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1869 முதல் ஒரே நிறுவனம் இதைச் செய்துவருகிறது. பார்ப்பதற்கு ஏழையாக இருக்கும். ஆனால் லேசு, கையைச் சுடாது, பழக்கிக்கொள்ளும் காலமும் தேவையில்லை. உழைப்பதும் சில ஆண்டுகள்தான். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஒன்றைச் சொல்லி வாங்குகிறவர், பித்தளைப் பைப்பு வாங்கியவரைவிடப் புத்திசாலி.

கடையில் நின்று செய்யும் சோதனைகள்

கையில் ஒரு பைப் கிளீனர், கூடவே நல்ல வெளிச்சம். சோதனைக்கு இவை இரண்டும் போதும்.

முதலாவது, துளை. கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். புகை வெளியேறும் துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நடுவில் இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் அடியில் உள்ள புகையிலை எரியாமல் ஈரச்சேறாகத் தங்கும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கச் சுவர் மெலிந்து சீக்கிரம் கருகும். துளையின் அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருப்பது நல்லது.

இரண்டாவது, கிளீனர் சோதனை. வாயில் வைக்கும் முனையிலிருந்து கிளீனரைச் செலுத்துங்கள். எங்கும் தடுக்காமல் கிண்ணத்தின் அடிவரை போனால், துளைத்தவருக்குத் தொழில் தெரியும் என்று பொருள். நடுவில் முட்டினால் அந்த இடத்தில்தான் ஈரம் தேங்கிக் ‘கொறகொற’ என்று சத்தம் கேட்கும்.

மூன்றாவது, பொருத்தம். வாய்க்குழலைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். மரத்துக்குள் நுழையும் பகுதி (தச்சர்கள் ‘கழுந்து’ என்பார்களே, அது) இறுக்கமாக, ஆனால் மல்லுக்கட்டாமல் போய்வர வேண்டும். மாட்டியபின் இரண்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியக்கூடாது.

நான்காவது, சுவர். கிண்ணத்தின் சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கை சுடும். வெளிப்புறம் சிறு பள்ளங்களைச் சாந்து வைத்து அடைத்திருப்பது மலிவுப் பைப்பில் சகஜம். ஒன்றிரண்டு இருந்தால் குற்றமில்லை. விலை குறைவதே அதனால்தான். ஆனால் கனமான பெயிண்ட் அடித்து மரமே தெரியாமல் செய்திருந்தால், அடியில் எத்தனை அடைப்பு என்று கடைக்காரருக்கே தெரியாது.

ஐந்தாவது, காலிப் பைப்பை மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். காற்று சத்தமில்லாமல் வர வேண்டும். விசில் அடித்தால் உள்ளே எங்கோ இறுக்கம் இருக்கிறது.

இவற்றோடு இன்னொன்று. காசு குறைவாக இருக்கும்போது நேரான, அலங்காரமற்ற வடிவத்தையே எடுங்கள். வளைந்த பைப்பில் துளையைச் சரியாகச் சேர்ப்பது கடினமான வேலை. மலிவு விலையில் அந்த உழைப்பு கிடைக்காது. நேரான பைப்பைத் துடைப்பதும் சுலபம். ஐரோப்பியப் பைப்புகள் சிலவற்றில் 9 மில்லிமீட்டர் வடிகட்டி போடும் இடம் இருக்கும். அந்த வடிகட்டி நம் ஊரில் எளிதில் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

பெட்டியில் கிடக்கும் பழைய பைப்பு

குறைந்த செலவில் நல்ல பிரையர் வேண்டுமானால் பழையதைத் தேடுவதே உலகெங்கும் உள்ள வழக்கம். பெங்களூர் சிக்கபேட்டை ஞாயிற்றுச் சந்தையில் பழஞ்சாமான்களுக்கு நடுவே தேடுகிறவர்களும், சொந்த வீட்டுப் பெட்டியைத் திறக்கிறவர்களும் கவனிக்க வேண்டியவை வேறு.

வாய்க்குழல் மஞ்சளும் பச்சையுமாக நிறம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். அது எபோனைட், ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியது. பழைய மைப்பேனா உடம்பும் அதுதான். வெளிச்சம் பட்டால் நிறம் மாறும். மெருகேற்றினால் கருப்பு திரும்பும். கொதிநீரில் மட்டும் போடாதீர்கள், வளைந்துவிடும். பல் பட்டு ஓட்டை விழுந்திருந்தால் அது வேறு செலவு.

கிண்ணத்துக்குள் கரி படிந்திருக்கும். மெல்லிய படிவு நல்லது, மரத்தைக் காக்கும். கனமாக ஏறியிருந்தால் மரத்தைவிட வேகமாக விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு மீதியைச் சுரண்ட வேண்டும். பின்பு வெளிப்புறத்தைப் பாருங்கள். எங்காவது ஒரு கருப்பு வட்டம் தெரிந்தால் உள்ளிருந்து நெருப்பு தின்றுகொண்டு வந்திருக்கிறது, அது உழைக்காது. கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

கழுத்தில் வெள்ளிப் பட்டை இருந்தால் பூதக்கண்ணாடி எடுங்கள். பொன்னின் மாற்று தெரிந்த ஊருக்கு இது புதிதல்ல. நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி என்று இங்கிலாந்தின் முத்திரை. நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது. சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும்; எந்த எழுத்து எந்த ஆண்டு என்பதற்கு அட்டவணைகள் உண்டு. வெறும் ‘ஈ.பி.’ என்று இருந்தால் அது வெள்ளி முலாம்தான். முலாம் பட்டையிலும் முத்திரை போலவே கட்டம் கட்டி எழுத்துகளைப் போட்டு ஏமாற்றுவது பழைய வித்தை.

மரத்தில் பொறித்த பெயரையும் படியுங்கள். டன்ஹில் என்றால் வாய்க்குழலில் வெள்ளைப் புள்ளி இருக்கும். டப்ளினைச் சேர்ந்த பீட்டர்சன் நிறுவனம் தன் வெள்ளிப் பட்டையில் ‘கே அண்டு பி’ என்று பொறிக்கும். இப்படிப் பெயர் உள்ள பைப்பை “பழைய மரச்சாமான்தானே” என்று வாசலுக்கு வரும் வியாபாரியிடம் பாத்திரத்தோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். விசாரித்த பின் கொடுங்கள்.

யார் பற்றவைக்கக் கூடாது?

பைப்பில் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே சிகரெட் போலக் கெடுதல் இல்லை என்று ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. அது சரியல்ல. உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்குப் பைப்பும் காரணமாகிறது.

தங்கவயல்காரருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. படிகக் கல்லை உடைத்த தூசி எத்தனை நுரையீரல்களைக் கல்லாக்கியது என்பது நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதல்ல. நம் நாட்டில் சிலிகோசிஸ் நோயைப் பற்றிய முதல் பெரிய ஆய்வே நம் சுரங்கத்தில் நடந்ததுதான். 1947இல் வெளியான அதன் கணக்குப்படி, சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளரில் 43.7 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. அந்தத் தூசியையும் புகையிலைப் புகையையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒரே முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. தூசி படிந்த நுரையீரலுக்குக் காசநோய் அபாயமும் அதிகம். புகை அதைக் கூட்டும். ஆகவே ஷாப்ட்டில் இறங்கி வேலை பார்த்த எந்தப் பெரியவருக்கும், ஓய்வுகாலப் பரிசாகப் பைப்பு வாங்கிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல பிரையராக இருந்தாலும் அவருக்கு அது நல்ல பைப்பு அல்ல.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் புகை அவர்களுக்கும் சேர்த்துத்தான். சட்டமும் தெரிந்திருக்கட்டும். பொது இடத்தில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுதும் தடை. கர்நாடகத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 21 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது.

முடிவாக

வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே: நேரான வடிவம், பூச்சு மறைக்காத மரம், அடியில் நடுவில் சேரும் துளை, தடையின்றிப் போகும் கிளீனர். இந்த நான்கும் இருந்தால் பெயர் தெரியாத பைப்பும் நல்ல பைப்பே. இவை இல்லாவிட்டால் வெள்ளிப் பட்டையும் வீண். பெட்டியில் பழையது வைத்திருப்பவர் பற்றவைக்க வேண்டிய அவசியமே இல்லை. பருத்தித் துணியில் சிறிது ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்து, வாய்க்குழலை மெருகேற்றி, அது யாருடையது, யார் மூலம் வீட்டுக்கு வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். துரை போய்விட்டார், சுரங்கமும் மூடிவிட்டது. அந்தச் சீட்டை எழுதக்கூடியவர்கள் இன்று நம் வீடுகளில் இருக்கும் பெரியவர்கள்தான். அவர்களிடம் இந்த மாதமே கேட்டு எழுதிவிடுங்கள்.