கணக்குப் படத்துக்குப் பின்னால் யார்?

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி வருகிறதே, கவனித்தீர்களா சகோதரிகளே? 2018-ல் புதுப் பாடநூல் வந்தபோது சேர்த்தது. அதற்கு உதவும் மென்பொருள் ஜியோஜீப்ரா.

நந்தனத்தில் எங்கள் வீட்டில், கணக்கென்றாலே முகம் சுருங்கும் என் பெண், அதில் முக்கோணம் போட்டு மூலையை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். எப்படிக் கோணினாலும் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 பாகைதான்! "மனப்பாடமே வேண்டாம்மா" என்கிறாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தம் முதுகலை ஆய்வுக்காக இதைத் தொடங்கினாராம். பிள்ளைகள் படிக்கக் காசில்லை. பாடநூலுக்காக உழைத்த நம் ஆசிரியர்கள் பெயரோ கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். பெண்ணை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.