துணைக்குத் துணை

திருவள்ளுவர் 'இல்வாழ்க்கை' அதிகாரத்தின் முதற்குறளில், இல்வாழ்வான் மூவர்க்குத் துணையாவான் என்கின்றார். அம்மூவரைப் பிற ஆசிரமத்தார் மூவர் எனப் பரிமேலழகர் கொண்டார். பெற்றோர், வாழ்க்கைத்துணை, மக்கள் எனக் கொள்வாரும் உளர். இவ்வுரையை ஏற்கின் ஒரு வினா எழுகின்றது. அனைவர்க்கும் துணையாய் நிற்பவர்க்குத் துணையாவார் யாவர்?

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் காடாம்புலியூர் உள்ளது. முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண் நிலம் அது. அதற்கு அண்மையிலுள்ள நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி அகழும் பணி தொடங்கப்பெற்றது. அங்குப் பணி இரவும் பகலும் முறைவைத்து நடைபெறும். இவ்வட்டாரப் பெண்டிர் பலர் முந்திரிக்கொட்டை உடைத்துப் பொருளீட்டுவர். ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்குமாதலின், கையிற் சாம்பல் பூசிக்கொள்வதும் உண்டு. கணவன் இரவு முறை முடித்துப் பகலில் உறங்கும் இல்லத்தில், தவழும் குழந்தையையும் தளர்ந்த மாமியாரையும் இவளே பேணுதல் வேண்டும். குழந்தை வளர வளரச் சுமை குறையும். முதியோர் தளரத் தளரச் சுமை மிகும். காவடித் தண்டின் இருபுறமும் தொங்கும் குடங்களைப் போல, இவ்விரண்டும் ஒரே தோளில் அமர்கின்றன.

இத்தகையோர் சுமையைக் குறைக்கப் பொது ஏற்பாடுகள் சில தோன்றின. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள், சிறுவர்க்கு உணவும் முன்பருவக் கல்வியும் அளிக்கின்றன. தாய்க்கோ, கவலையின்றி உழைக்கச் சில மணி நேரம் கிடைக்கின்றது. தமிழக அரசு 1962இல் முதியோர்க்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 2021இல் தோன்றிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், குருதியழுத்தம், நீரிழிவு ஆகிய நோயுடையார்க்கு மருந்து இல்லம் தேடி வருகின்றது. படுக்கையில் கிடப்பார்க்கு இயன்முறை மருத்துவமும் அளிக்கப்படுகின்றது. பெற்றோரைப் பேணுதல் மகனுக்கும் மகளுக்கும் ஒருங்கே உரிய கடமை என 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. முதியோர் இன்னல் குறித்து 14567 என்னும் தொலைபேசி எண்ணில் எவரும் உதவி கேட்கலாம்.

இத்தகைய பொதுத்தொண்டு இந்நிலத்திற்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டிலேயே வடலூரில் வள்ளலார் தருமச்சாலை நிறுவினார். வீட்டு அடுப்பேயன்றி ஊருக்கும் ஓர் அடுப்பு வேண்டும் என்பதை அது உணர்த்திற்று.

எனினும், நள்ளிரவில் இருமும் பாட்டிக்கு வெந்நீர் தரச் சட்டம் எழுந்து வாராது. அதற்கு வீட்டார் கைகளே வேண்டும். காவடி சுமப்பவன் நெடுவழியில் தோள் மாற்றிக்கொள்கின்றான். அதனை எவரும் இழிவெனக் கருதுவதில்லை. அதுபோல, இயலாதபோது உதவி கேட்டலும் இழிவன்று. கேட்கும்வரை காத்திராது உதவுதல் அதனினும் சிறந்தது. பள்ளி முடிந்து வீடு திரும்பும் மாணவன் தம்பியைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ளலாம். பாட்டிக்கு வேளை தவறாது மருந்து எடுத்துக் கொடுக்கலாம். அந்த அரை மணி நேரத்தில் அவன் தாய் சற்றே அமர்ந்து இளைப்பாறுவாள். துணைக்குத் துணையாதல் அங்கிருந்தே தொடங்குகின்றது.