காணியும் அதன் உரிமைப் பத்திரமும்
பதுளை மாவட்டக் கமக்காரருக்குரிய விளக்கம்

வெலிமடையிலே உருளைக்கிழங்கும், பண்டாரவளையிலே மரக்கறியும், மகியங்கனையிலே நெல்லும் பயிரிடுவோர் கல்லணை கட்டியும் வரப்பமைத்தும் எருவிட்டும் நிலத்தைத் திருத்துகின்றனர். இவ்வுழைப்பின் பயன் தம் மக்களுக்கும் நிலைக்குமா என்பது, அக்காணி எவ்வகை உரிமையிற்பட்டது என்பதைப் பொறுத்தது. ஒரே மலைச்சரிவில் உறுதிக் காணியும் அரசாங்கக் காணியும் தோட்டக் காணியும் அடுத்தடுத்து இருத்தல் கூடும். பார்வைக்கு அவை ஒன்றுபோலத் தோன்றினும், சட்டத்திலே பெரிதும் வேறுபடுவன.

உறுதிக் காணி

தனியாருக்குரிய காணியை வாய்ச்சொல்லால் விற்றல் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின்படி, உறுதியானது நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு கையொப்பமிடப்படல் வேண்டும். அதனைக் காணிப் பதிவகத்திற் பதிதலும் இன்றியமையாதது. ஒருவர் ஒரே காணியை இருவருக்கு விற்பாராயின், பின்னர் வாங்கியவர் மோசடியின்றி விலை கொடுத்து, தமது உறுதியை முந்திப் பதிந்துகொண்டால், அவ்வுறுதியே மேலோங்கும்.

அரசாங்கக் காணி

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியன என்று அனுமானித்தது. மலைநாட்டிற் பெருநிலம் அரசாங்கத்தைச் சேர்ந்ததற்கு இதுவுமொரு காரணமாகும். அத்தகைய காணி, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் மூலமோ அளிப்புப் பத்திரம் மூலமோ கமக்காரருக்கு வழங்கப்படுகிறது. அனுமதிப்பத்திரக் காணியை விற்றலாகாது. அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன்னனுமதியின்றி விற்றலாகாது. இவ்விதியை மீறி எழுதிய உறுதி வெற்றுத்தாளே. வாங்கியவர் பணத்தையும் இழப்பார், நிலத்தையும் இழப்பார். இக்காணிக்கு உரியவர் தமது வாழ்நாளிலேயே பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிந்துவைப்பின், பிள்ளைகளிடையே வழக்கு நேராது.

குத்தகை நிலம்

பிறர் வயலை வாரத்துக்குப் பயிரிடுவோருக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பாதுகாப்பளித்தது; இப்போது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதனை அளிக்கிறது. கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பிலே தமது பெயர் உள்ளதா என அவர் பார்த்தல் வேண்டும். ஆயின் இப்பாதுகாப்பு நெற்காணிக்கே உரியது. மரக்கறி நிலத்தைப் பணக் குத்தகைக்கு எடுப்போருக்கு ஒப்பந்தமே துணை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு மூலம் எழுதப்படாவிடின், கிழங்கு முற்றுமுன் நிலத்தை விடும்படி உரிமையாளர் கேட்குமிடத்து, அவ்வாய்ப்பேச்சை நம்பி எதிர்த்து நிற்றல் அரிது.

தோட்டக் காணி

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமையை 50 ஏக்கராகவும், வயலாயின் 25 ஏக்கராகவும் வரையறுத்தது. 1975இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மாத்திரம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவை பின்னர் நீண்டகாலக் குத்தகை பெற்றன. ஆகவே கம்பனி குத்தகையாளரேயன்றி நிலவுரிமையாளரன்று. லயத்தைச் சூழ்ந்த நிலத்திலே மூன்று தலைமுறையாகக் கோவாவும் போஞ்சியும் பயிரிட்ட குடும்பமாயினும், அதனால் மட்டும் உரிமை பெறுவதில்லை. பத்தாண்டு ஆட்சியால் உரிமை தரும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசாங்கக் காணியைக் கட்டுப்படுத்தாது. புதிய வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் நிலம் பெற்றோர், தம் கையிலுள்ளது உறுதியா, வெறும் ஒதுக்கீட்டுக் கடிதமா என்பதை ஆராய்ந்தறிதல் நன்று.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. காணி வாங்குமுன் பதிவகத்தில் அதன் பதிவேட்டைத் தேடுவித்தல்.
2. அரசாங்கக் காணியாயின், முற்பணம் கொடுக்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்தல்.
3. மரக்கறி நிலக் குத்தகையை நொத்தாரிசு மூலம் எழுதுவித்தல்.
4. உறுதி, நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைச் செல்லரிக்காது காத்தல்.

விதை நெல்லைக் காப்பதுபோற் காணிப் பத்திரத்தையும் காப்பவரே, தாம் திருத்திய நிலத்தைத் தம் மக்களுக்கு அச்சமின்றி விட்டுச்செல்வர்.