பன்னிரண்டு வயதும் அரசாங்கமும்

மேல்நாடுகளில் இளம் பிராயத்தினருக்கென்று எழுதப்படும் நாவல்களுள், கொடுங்கோல் அரசுகளைப் பற்றிய கற்பனைக் கதைகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படித்து வருகிறவர்களுக்கு ஒரு சங்கதி விரைவிலேயே புலப்படும்: அந்த அரசுகள் யாவும் ஒரு பிறந்த நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. லோயிஸ் லௌரி 1993இல் வெளியிட்ட ‘தி கிவர்’ நாவலில், பன்னிரண்டு வயதை எட்டும் பிள்ளைகளைச் சபை நடுவே நிறுத்தி, இன்னார் இன்ன தொழில் செய்து வாழ வேண்டியது என்று பெரியோர் குழு விதித்துவிடுகிறது. சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலிலும் அதே பன்னிரண்டாம் வயதில்தான் பிள்ளையின் பெயர் முதன்முதலாகக் குலுக்கல் சீட்டில் ஏறுகிறது. ஜான் கிறிஸ்டஃபர் 1967இல் எழுதிய ‘தி ஒயிட் மவுண்டன்ஸ்’ கதையில் பதினான்கு வயதில் தலையில் உலோகக் குல்லாய் பொருத்திப் புத்தியை அடக்குகிறார்கள். ஸ்காட் வெஸ்டர்ஃபீல்டின் ‘அக்லீஸ்’ (2005) கதையிலோ பதினாறு வயதில் முகத்தையே அறுத்து அழகாக்கிவிடுகிறார்கள். வீட்டுக் குழந்தை நாட்டுப் பிரஜையாக மாறும் அந்தத் தருணத்தில், குடும்பத்தின் அன்பையும் பசியையுமே கருவியாகக் கொண்டு அப்பிள்ளையைத் தன் வசப்படுத்திக்கொள்வதில்தான் இவ்வரசுகளின் சாமர்த்தியம் இருக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தைக் கூர்ந்து காட்டும் நூல் நல்ல நூலாகவும், அதை மறந்து வெறும் சண்டையிலும் காதலிலும் இறங்கிவிடும் நூல் சாதாரண நூலாகவும் முடிகின்றன என்பது, இவ்வகைக் கதைகளை ஆசையோடு படித்து வந்த என்னுடைய அபிப்பிராயம்.

டிஸ்டோப்பியா என்று உலகமெங்கும் வழங்கும் இக்கதை வகைக்குப் பூர்வ பரம்பரை ஒன்று உண்டு. ரஷ்யராகிய ஸாம்யாட்டின் 1920களின் தொடக்கத்தில் எழுதிய ‘நாம்’, ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932), நம் பிகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ (1949) ஆகியவை அப்பரம்பரையின் பெரிய தலைகள். இளையோர் நாவல் என்பது அதற்கு வெகு பின்னால் வந்தது. அமெரிக்கப் பதிப்பகங்களும் நூலகங்களும் ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களைத் தனி வாசகக் கூட்டமாகக் கருதி நூல் வெளியிட்டு வருவதற்கு, எஸ். ஈ. ஹின்டன் தம் பதின்பருவத்திலேயே எழுதி 1967இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். இவ்விரண்டு ஓடைகளும் கலந்த இடத்தில் பிறந்தவையே நாம் பேசும் நூல்கள்.

பெரியவர்களுக்கான கதையை எளிதாக்கித் தந்தால் இளையோர் கதை ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். விஷயம் அப்படியில்லை. ஆர்வெல்லின் கதாநாயகனாகிய வின்ஸ்டனுக்கு வயது முப்பத்தொன்பது. தாயின் முகமும், தங்கையிடமிருந்து தான் பறித்துக்கொண்ட சாக்கலேட்டும் மங்கலாகவேனும் அவன் நினைவில் நிற்கின்றன. ஆகையால், இன்றைய வாழ்வு இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்ற சந்தேகம் அவனுக்கு உதிக்க இடமிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ ஒப்பிட்டுப் பார்க்க முந்திய காலம் என்பதே கிடையாது. கண் திறந்த நாள் முதல் கண்டது எதுவோ அதுவே உலக நியதி. எனவே அக்கதையில் கொடுமை, கொடுமையின் கோலத்தில் வருவதில்லை. காலை உணவைப் போலவும் பள்ளிக்கூட மணியைப் போலவும் வருகிறது. வாசகனுக்கு முதலில் வயிற்றைக் கலக்குகிறது. கதைப் பிள்ளைக்கு அது உறைக்க நூறு பக்கங்கள் ஆகின்றன.

‘தி கிவர்’ இந்த உத்தியின் சிகரம். ஜோனஸ் என்னும் சிறுவன் வாழும் ஊரில் பசி இல்லை, வலி இல்லை, பூசல் இல்லை. இரவு உணவுக்குப் பிறகு தாயும் தந்தையும் பிள்ளைகளும் உட்கார்ந்து அன்றைய மன உணர்ச்சிகளை ஒழுங்காக ஒருவர்பின் ஒருவராகச் சொல்லிக்கொள்வது அங்கே சட்டம். அவ்வூரில் நிறம் என்பதே கிடையாது என்னும் உண்மையை ஆசிரியை பாதி நூல் கழியும் வரையில் சொல்வதேயில்லை. தோழனோடு ஜோனஸ் எறிந்து விளையாடும் ஓர் ஆப்பிள், காற்றில் பறக்கும்போது ஒரு கணம் ஏதோ மாறியதாகத் தோன்றுகிறது. உருவம் அதுதான், அளவும் அதுதான், ஆயினும் மாறிற்று. சிவப்பு என்ற ஒன்றை அவன் கண்டுவிட்டான் என்பது வெகு நேரம் கழித்தே அவனுக்கும் நமக்கும் தெரியவரும்போது, அதுவரை நாம் மனத்தில் தீட்டி வைத்திருந்த சித்திரம் முழுவதும் வெளுத்துப்போகிறது.

அதைவிடப் பெரிய அடி தந்தையின் மூலமாக விழுகிறது. ஜோனஸின் தந்தை பச்சைக் குழந்தைகளைப் பராமரிக்கும் தொழிலில் உள்ளவர். இளகிய மனம் படைத்தவர். இரவில் அழுகிற கேப்ரியல் என்னும் குழந்தை தேறட்டும் என்று விசேஷ அனுமதி பெற்று வீட்டுக்கே எடுத்து வந்து வளர்க்கிறார். பெயரிடும் விழாவுக்கு முன்பே விதியை மீறி அதன் பெயரைப் பட்டியலில் எட்டிப் பார்த்துக்கொண்டவரும் அவரே. அவ்வூரில் முதியோரையும், தவறிழைத்தோரையும், தேறாத குழந்தைகளையும் ‘விடுவித்து’ விடுவார்கள்; விடுவித்தால் எங்கோ வேறோர் ஊருக்குப் போவதாக நம்பிக்கை. ஊரின் பழைய நினைவுகளைத் தாங்கும் பதவிக்கு நியமனம் பெற்ற ஜோனஸ், தந்தை அன்று காலை இரட்டைக் குழந்தைகளுள் ஒன்றை விடுவித்த காட்சியின் பதிவைப் பார்க்கிறான். இரண்டையும் எடை போடுகிறார் தந்தை. எடை குறைந்ததைத் தனியே வைத்து, கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே அதன் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றுகிறார். அசைவு நின்றதும் உடலை அட்டைப் பெட்டியில் இட்டு, குப்பை தள்ளும் வழியைப் போன்ற ஒரு திறப்பில் போட்டு, விளையாட்டாகக் கையசைத்து விடை கொடுக்கிறார். வீட்டில் கேப்ரியலைக் கொஞ்சும் அதே குரல்.

நான் எத்தனையோ கொடுங்கோலர்களைக் கதைகளில் கண்டிருக்கிறேன். இந்தத் தந்தையைக் கண்டு நடுங்கியதுபோல் வேறெவரைக் கண்டும் நடுங்கியதில்லை. ஏனெனில் அவர் பொல்லாதவர் அல்லர். கொலை என்பது இன்னதென்று அறியும் சக்தியே அவரிடமிருந்து பரம்பரையாக நீக்கப்பட்டிருக்கிறது. என்மேல் அன்பு உண்டா என்று ஜோனஸ் ஒருநாள் பெற்றோரைக் கேட்கும்போது, அவர்கள் சிரித்து, பொருளற்ற சொல்லைப் பயன்படுத்தாதே என்று திருத்துவதும், பின்னர் கேப்ரியல் இரவில் தூங்காததால் அவனையும் விடுவிக்கலாம் என்று தாமே வாக்களித்ததாக அந்தத் தந்தை சர்வ சாதாரணமாகச் சொல்வதும் ஒரே குணத்தின் இரண்டு தோற்றங்கள்.

இக்கதை லௌரிக்கு எங்கிருந்து வந்தது என்பதை, 1994இல் நியூபரிப் பதக்கம் பெற்றபோது அவரே விவரித்திருக்கிறார். ராணுவத்தில் பல் வைத்தியராக இருந்த தந்தையோடு சிறுமியாக டோக்கியோவில் வசித்த காலத்தில், அமெரிக்கக் குடும்பங்களுக்கென்று வேலியிட்டு அமைத்த வாஷிங்டன் ஹைட்ஸ் குடியிருப்பில் எல்லாம் பழகியதாகவும் ஒழுங்காகவும் இருந்ததும், அவ்வேலியைத் தாண்டி அவர் சைக்கிளில் ஷிபுயாப் பகுதியின் சந்தடிக்குள் நழுவியதும் ஒரு விதை. முதுமையில் அதே தந்தைக்கு ஞாபகம் குன்றி, இளமையிலேயே இறந்துபோன மூத்த மகளின் மரணமும் மறந்துபோனது மற்றொரு விதை. துன்பம் மறந்தவரின் முகத்தில் கண்ட நிம்மதியைப் பார்த்து, இது நல்லதுதானா என்று கேட்க ஒருவருக்குத் தோன்றியதே, அந்தக் கேள்விதான் நாவல். நாவலின் முடிவில் ஜோனஸ் பிழைத்தானா, பனியில் உறைந்தானா என்பது தெளிவில்லை. பின்னாளில் லௌரி இதைத் தொடர்ந்து மேலும் மூன்று நூல்கள் எழுதிச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார்; தீர்க்காமலே விட்டிருக்கலாம்.

‘தி ஹங்கர் கேம்ஸ்’ இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. ஓட்டமும் இரத்தமும் நிறைந்தது. பனெம் என்னும் நாட்டில் செல்வம் கொழிக்கும் தலைநகரைச் சுற்றிப் பன்னிரண்டு மாவட்டங்கள். பழைய கலகத்துக்குத் தண்டனையாக ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் ஓர் ஆண்பிள்ளையையும் ஒரு பெண்பிள்ளையையும் அனுப்ப, அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொன்று ஒருவர் மிஞ்சும் வரையில் நடக்கும் ‘விளையாட்டு’ தொலைக்காட்சியில் காட்டப்படுகிறது. ஓரிரவில் தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, போட்டி நிகழ்ச்சியும் ஈராக் யுத்தக் காட்சியும் தம் கண்ணில் கலந்து தெரிந்ததே இதற்குத் தூண்டுதல் என்று காலின்ஸ் கூறியதுண்டு. பலர் இந்தத் தொலைக்காட்சி அங்கதத்தையே நூலின் சாரமாகப் பேசுவர். எனக்கென்னவோ போர்க்களம் தொடங்குமுன் வரும் ஒரு சின்னக் கணக்கே நூலின் உயிர்நிலை என்று படுகிறது.

அக்கணக்கு இது. 12 வயதில் பிள்ளையின் பெயர் ஒரு சீட்டில் எழுதப்படும். 13இல் இரண்டு, இப்படியே ஏறி 18இல் ஏழு. இதுவரை எல்லார்க்கும் சமம். ஏழைக்கு மட்டும் ஒரு சலுகை: தன் பெயரை ஒரு முறை கூடுதலாக எழுதிப் போட்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குரிய சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் இப்படி வாங்கலாம். சீட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக வாங்கி வந்த கதாநாயகி காட்னிஸுக்குப் பதினாறு வயதில் 20 சீட்டுகள். ஐந்து வயிறுகளை நிரப்பும் அவள் நண்பன் கேலுக்குப் பதினெட்டு வயதில் 42. குலுக்கல் நாள் காலையில் இவ்விருவரும் காட்டில் பறித்த ஸ்ட்ராபெரிப் பழங்களை விற்க மேயர் வீட்டுப் பின்கட்டுக்குப் போகிறார்கள். வெள்ளை உடுப்பும் தங்க ஊசியுமாகக் கதவைத் திறக்கிறாள் மேயரின் மகள். உனக்கு எத்தனை சீட்டு இருக்கப்போகிறது, ஐந்து இருக்குமா, எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஆறு இருந்ததே என்று கேல் அவளிடம் சுடச்சுடச் சொல்லிவிடுகிறான். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. காசை மட்டும் சரியாகக் கொடுத்துப் பழத்தை வாங்கிக்கொள்கிறாள். ஒரே தெருவில் வாழ்வோர் ஒருவரையொருவர் வெறுக்கும்படி செய்துவிட்டால் தலைநகரத்தை வெறுக்க எவருக்கும் மூச்சு மிஞ்சாது என்ற அரசியல் தந்திரம், பின்கட்டு வாசற்படியில் நடக்கும் அந்தச் சில வரிப் பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது. தங்கை பிரிமை மட்டும் தானியத்துக்காகச் சீட்டு எழுத அக்காள் விடவில்லை; அவளுக்கு இருந்தது ஒரே சீட்டு. குலுக்கலில் வந்ததும் அதுதான்.

பிரிட்டனில் மலோரி பிளாக்மன் எழுதிய ‘நாட்ஸ் அண்ட் கிராசஸ்’ (2001) இதே நுட்பத்தை வேறு துறையில் காட்டுகிறது. அங்கே கறுப்பர்கள் ஆள்கிறார்கள், வெள்ளையர்கள் தாழ்ந்த ஜாதி. அடிபட்ட ஒரு வெள்ளைச் சிறுமியின் வெளிறிய நெற்றியில் பளிச்சென்று கரும்பழுப்பு நிறப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஏனெனில் கடையில் விற்பது அந்த நிறந்தான். நீண்ட பிரசங்கங்கள் செய்ய முடியாததை அந்த ஒட்டுத்துண்டு செய்துவிடுகிறது.

வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ (2011) முதலிய நூல்களை ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்தபின் மனத்தில் தங்குவது குறைவு. மனிதர்களைக் குணத்தின்படி ஐந்து பிரிவாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட குணம் உடையவளை அபூர்வப் பிறவியாக்குவது, தன்னை எவரும் புரிந்துகொள்ளவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பதினாறு வயது வாசகருக்குச் செய்யும் முகஸ்துதியன்றி வேறென்ன?

பிள்ளைகள் கையில் இத்தனை இருளைக் கொடுக்கலாமா என்ற ஆட்சேபமும் உண்டு. ‘தி கிவர்’ அமெரிக்கப் பள்ளிகளில் அடிக்கடி எதிர்ப்புக்கு உள்ளான நூல்களுள் ஒன்று. சிறுவர்கள் சிறுவர்களைக் கொல்லும் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ (1954) பிரிட்டிஷ் வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் பாடமாக இருந்து வருவதை ஆட்சேபிப்போர் மறந்துவிடுகிறார்கள். இவை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவோருக்கு வேறொரு பதில் இருக்கிறது. காட்னிஸின் ஊரில் மூன்று விரல்களை உதட்டில் தொட்டு உயர்த்துவது, இறந்தோர்க்கு விடைகொடுக்கும் ஒரு பழைய சைகை. அது திரைப்படத்தின் வழியே பரவி, 2014இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய தாய்லாந்தில் மாணவர்களின் எதிர்ப்புச் சின்னமாயிற்று. அதைக் காட்டியவர்களைப் போலீசார் பிடித்துக்கொண்டும் போனார்கள். பின்னர் 2021இல் மியான்மாரிலும் அது எழுந்தது.

‘தி ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் மூன்றாம் நூலாகிய ‘மாக்கிங்ஜே’ (2010) பல வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதுவே மூன்றிலும் துணிந்த நூல். புரட்சி வெல்கிறது, ஆனால் பிரிம் குண்டுக்கு இரையாகிவிட்டாள், அக்குண்டைப் போட்டது புரட்சித் தரப்பே என்று நினைக்க இடமிருக்கிறது. புரட்சியின் தலைவி காயின், காட்னிஸ் உட்பட எஞ்சிய ஏழு போட்டி வீரர்களைக் கூட்டி, தலைநகரத்துப் பிள்ளைகளைக் கொண்டு கடைசியாக ஒரு விளையாட்டு நடத்தலாமா என்று வாக்குக் கேட்கிறாள். அவர்களுள் ஒருவனாகிய பீட்டா கூடாது என்று கொதிக்கிறான். காட்னிஸ், பிரிமின் பெயரைச் சொல்லி, நடத்தலாம் என்கிறாள். நாலுக்கு மூன்றாகத் தீர்மானம் நிறைவேறுகிறது. பிற்பாடு, பழைய கொடுங்கோலன் ஸ்னோவைக் கொல்ல நாணேற்றிய அம்பை அவள் காயினின் மேல் விடுகிறாள். அந்த விளையாட்டு நடக்கவேயில்லை. காயினின் நம்பிக்கையைப் பெறுவதற்காக ஆடிய நாடகமே அந்த வாக்கு என்று காட்னிஸின் பக்தர்கள் வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் மூன்று நூல்களும் அவள் வாய்மொழியாகவே நடப்பவை. தன் பசியையும், புண்ணையும், பொறாமையையும், எவரை எப்போது ஏமாற்ற நினைத்தாள் என்பதையும் ஒளிக்காமல் நம்மிடம் சொல்லி வந்தவள், அந்த வாக்கை மனமார அளித்தாளா என்பதை மட்டும் சொல்வதில்லை. நானும் அந்தப் பக்கங்களை இரு திசையிலும் படித்துப் பார்த்தேன், இரண்டுக்கும் அவை இடங்கொடுக்கின்றன.