பேட்ஜில் ஏறிய கதிர்வீச்சு உடலிலும் ஏறியதா?

எக்ஸ்ரே அறைகளிலும் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுகளிலும் அணுமின் நிலையங்களிலும் பணிபுரிவோர் மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், தன்மீது விழுந்த கதிர்வீச்சை மட்டுமே பதிவு செய்யும். அப்போது அது ஒருவரின் மார்பில் இருந்ததா, சுவர் ஆணியில் தொங்கியதா, மேசை இழுப்பறையில் கிடந்ததா என்று அதனால் சொல்ல இயலாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் அளவு அறிக்கைகளில் தலைகாட்டும் புதிர்கள் பலவும் இந்த ஒரே இடைவெளியில் பிறந்தவை.

இந்தியாவில் 1970-களின் நடுவில் ஃபிலிம் பேட்ஜுக்கு மாற்றாக வந்த இந்தச் சாதனத்தில், டிஸ்ப்ரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு சேர்த்துச் செய்த மூன்று வட்ட வில்லைகள் ஓர் அலுமினிய அட்டையில் பொருத்தப்பட்டிருக்கும். கதிர்வீச்சு படும்போது இப்படிகத்தின் எலெக்ட்ரான்களில் சில இடம்பெயர்ந்து சிக்கிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் வில்லையைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது அவை விடுபட, அந்த ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. வெப்ப ஒளிர்வு எனப்படும் இவ்வொளியை அளந்தே கதிர்வீச்சின் அளவு கணிக்கப்படுகிறது. ஒருமுறை சூடாக்கியதும் பதிவு அழிந்துவிடுவதால், ஐயம் எழுந்த பின் அதே வில்லையை மறுபடியும் அளந்து பார்க்க வழியில்லை. கருவி சேமித்து வைத்த ஒளிர்வு வளைகோடும் மூன்று வில்லைகளின் எண்களுமே பிறகு கையில் மிஞ்சும் தடயங்கள்.

அந்த மூன்று எண்களே பெரும்பாலான புதிர்களுக்குத் திறவுகோல். முதல் வில்லையின் மேல் அலுமினியமும் செம்பும் சேர்ந்த உலோகத் தகடும், இரண்டாவதன் மேல் பிளாஸ்டிக் தகடும் வடிகட்டியாக நிற்க, மூன்றாவது திறந்தே இருக்கிறது. கோபால்ட்–60 போன்ற உயர் ஆற்றல் காமா கதிர்கள் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏறத்தாழ ஒரே அளவில் ஊடுருவுவதால் முதலிரு எண்களும் நெருக்கமாக அமையும். நோயறி எக்ஸ்ரேயை உலோகத் தகடு பெருமளவு தடுத்துவிடுகிறது. அதோடு கால்சியம் சல்பேட் அந்தக் குறைந்த ஆற்றல் கதிர்களுக்குப் பல மடங்கு மிகையாக ஒளிர்வதால் இரண்டாம் எண் முதலாவதை வெகுவாக விஞ்சிவிடும். திறந்த வில்லை மட்டும் தனித்து எகிறினால் பீட்டா கதிர்களை நினைக்கலாம். ஆகவே, கோபால்ட் சிகிச்சைக் கருவியை மட்டுமே இயக்கும் ஒருவரின் பேட்ஜ் எக்ஸ்ரேக்குரிய விகிதத்தைக் காட்டினால், முதலில் கேட்க வேண்டியது அவர் என்ன செய்தார் என்பதை அல்ல. பேட்ஜ் எங்கே இருந்தது என்பதை. அதை அணிந்தபடியே அவர் தமக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த அளவு நோயாளியாக அவர் பெற்றதே தவிர பணியால் பெற்றதன்று.

அளவு கூடுவதற்கான காரணங்களில் சாதாரணமானவையே அதிகம். ஈயக் கவசத்துக்கு உள்ளே அணிய வேண்டியதை வெளியே அணிவதும், பேட்ஜோடு கவசத்தைக் கழற்றி எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போவதும் அவற்றுள் அடங்கும். சிக்கலானது அணு மருத்துவப் பிரிவின் நிலை. அங்கே பேட்ஜின்மேல் ஒரு துளி கதிரியக்க மருந்து தெறித்தால், உடலுக்குப் பெரிதாக ஒன்றும் நேராமலே வில்லை இரவும் பகலும் கதிர்வீச்சை வாங்கிக்கொண்டிருக்கும். டெக்னீஷியம்–99எம் ஆறு மணி நேரத்திலும் அயோடின்–131 எட்டு நாளிலும் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், காலாண்டு முடிந்து பேட்ஜ் ஆய்வகத்தை அடையும்போது கறை மறைந்திருக்கும். பதிவு மட்டும் எஞ்சியிருக்கும்.

எல்லாருடைய எண்களும் ஒருசேர விசித்திரமாக இருந்தால் கட்டுப்பாட்டு பேட்ஜைத் தேட வேண்டும். கதிர்வீச்சு இல்லாத அறையில் வைக்கப்படும் இதன் அளவை, இயற்கைப் பின்னணியாகக் கொண்டு மற்ற பேட்ஜுகளின் அளவிலிருந்து கழிப்பது வழக்கம். யாரோ அதை எக்ஸ்ரே அறை அலமாரியில் வைத்துவிட்டால் கழிக்கப்படுவது மிகையாகி, உண்மையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் பூஜ்யமே வரும். மோனசைட் மணலில் தோரியம் கலந்திருப்பதால் இயற்கைப் பின்னணி மிகுந்த மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில், கட்டுப்பாட்டு பேட்ஜும் அதே ஊரில் இருந்தாக வேண்டும். இல்லையேல் எல்லாருக்கும் பொய்யாக அளவு கூடும்.

இந்திய விதிகளின்படி பணியாளர் பெறக்கூடிய அளவு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்தவொரு தனி ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டையும் தாண்டக் கூடாது. ஒரு கண்காணிப்புக் காலத்திலேயே 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் விசாரணை தொடங்கும். பேட்ஜ் காட்டுவது மிகப் பெரிய எண்ணாக இருந்து, அணிந்தவர் மறுத்தால், இரத்தம் சாட்சி சொல்லக்கூடும்: இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான நிணநீரணுக்களை வளர்த்து, இரண்டு மையப்புள்ளிகள் கொண்டு பிறழ்ந்த குரோமோசோம்களை எண்ணும் இச்சோதனை, உடல் முழுதும் ஏறத்தாழ 100 மில்லிகிரே பட்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும். அதற்குக் கீழே அது பெரும்பாலும் மௌனம்தான். அங்கே அணிந்தவரின் நேர்மையான பதிலுக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை. விளக்கம் கேட்பதைக் குற்றச்சாட்டுபோல் நடத்தும் நிறுவனத்துக்கு அப்பதில் கிடைப்பதும் அரிது.

குறைந்த எண்ணும் ஏமாற்றும். 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்த கனநீர் சேர்ந்ததை வெளிக்கொணர்ந்தது பேட்ஜ் அல்ல. பணியாளர்களின் சிறுநீர்ச் சோதனை. டிரிட்டியத்தின் பீட்டா கதிர் தோலின் மேற்படலத்தையே கடக்காது. உடலுக்குள் சேர்ந்த அதை மார்பில் தொங்கும் வில்லை அறிய வழியேயில்லை.

ஆனால் பூஜ்யத்துக்கு இதைவிட எளிய காரணமும் உண்டு: அணியாமை. இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேபில் நோயாளியின் அருகிலேயே நின்று மணிக்கணக்கில் பணிபுரியும் மருத்துவரின் பேட்ஜ் காலாண்டு தவறாமல் பூஜ்யம் காட்டுமானால், அது பாதுகாப்புக்குச் சான்றாவதைவிட இழுப்பறைக்குச் சான்றாவதற்கே வாய்ப்பு அதிகம். பத்தைத் தாண்டிய எண்ணுக்கு விளக்கம் கேட்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்கள், இந்தப் பூஜ்யத்துக்கும் விளக்கம் கேட்கத் தொடங்க வேண்டும்.